லண்டன் செலவுப் பட்டியலில் அம்மாவின் திருத்தங்கள்

அன்புள்ள சரவணா,

நீ அனுப்பிய செலவுப் பட்டியலை நிதானமாகப் படித்தேன். மொத்தத் தொகையைப் பார்த்து அப்பா வாயைப் பிளந்தார். எனக்குத் தொகை பெரிதாகத் தெரியவில்லை, அதை எங்கெங்கே போட்டிருக்கிறாய் என்பதுதான் பிடிக்கவில்லை. சும்மா கிடைப்பதற்கெல்லாம் அள்ளி விட்டுவிட்டு, நித்யா ஆசையாகக் கேட்ட ஒரே நாடகத்துக்கு மட்டும் ‘அங்கே போய்ப் பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறாய். உன் அக்காவின் பிரசவத்துக்காக நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்தபோது, மதியம் குழந்தை தூங்கியதும் பஸ் ஏறிவிடுவேன். அப்படிச் சுற்றித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

ஏர்போர்ட்டிலிருந்து வருகிற ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலை முதலில் அடித்துவிடு. கால் மணி நேரத்தில் பாடிங்டன் ஸ்டேஷன் வந்துவிடும்தான். ஆனால் முன்கூட்டி வாங்காவிட்டால் ஆளுக்கு 25 பவுண்டு வாக்கில் ஆகும். அங்கே இறங்கி, உங்கள் ஹோட்டல் இருக்கிற ரஸ்ஸல் ஸ்கொயருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரயில் மாற வேண்டும். ஏர்போர்ட்டிலேயே பிக்காடில்லி லைன் மெட்ரோ ரயிலில் ஏறினால் நேராக ரஸ்ஸல் ஸ்கொயரிலேயே இறங்கலாம். ஒரு மணி நேரம் ஆகும், ஆறு பவுண்டு வாக்கில் முடிந்துவிடும்.

டிக்கெட் எதுவும் வாங்க வேண்டாம், பேங்க் கார்டைத் தொட்டாலே போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்று வரம்பு இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும். நீ காலையில் கார்டு, மாலையில் போன் என்று மாற்றித் தொட்டால் இரண்டு ஆள் கணக்காகிவிடும், வரம்பும் பயன்படாது. பஸ்ஸுக்கு 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். அப்புறம், கடையில் மெஷின் ‘ரூபாயில் எடுக்கட்டுமா, பவுண்டிலா’ என்று கேட்டால் பவுண்டு என்று அழுத்து. ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிப் பிடித்துவிடுவார்கள்.

சுற்றுலா பஸ்ஸும் வேண்டாம். டிரஃபால்கர் ஸ்கொயரில் 15ஆம் நம்பர் மாடி பஸ்ஸில் ஏறி, மேலே முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். செயின்ட் பால் தேவாலயமும் லண்டன் டவர் கோட்டையும் தானாக வரும்.

லண்டன் ஐ ராட்டினத்துக்குப் பதிலாக ஸ்கை கார்டன். உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கலாம். இலவசம்தான், முன்பதிவு மட்டும் வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் உள்ளே சுற்றிப் பார்க்கக் கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை. மாலைப் பாட்டு வழிபாட்டுக்குப் போனால் காசு கிடையாது. அந்த நேரத்தில் படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து சுற்றவும் முடியாது. உட்கார்ந்து கேட்டாலே போதும் என்பேன்.

மியூசியங்களுக்கு நீ காசே ஒதுக்க வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியம் உங்கள் ஹோட்டலிலிருந்து நடக்கிற தூரம். அங்கே அமராவதிச் சிற்பங்களைப் பார்க்காமல் வராதே. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் திப்புவின் புலி இருக்கிறது. கீழே கிடக்கிற வெள்ளைக்காரச் சிப்பாயின் கழுத்தை ஒரு மரப்புலி கவ்விக்கொண்டு நிற்கும். அதன் வயிற்றுக்குள்ளே ஒரு குட்டி ஆர்கன் வாத்தியம். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், சிப்பாய் கையை ஆட்டிக்கொண்டு முனகுவான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொண்டுபோனது. நம்மைச் சுற்ற விடமாட்டார்கள், கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து கொண்டுபோனதைப் பார்க்க நம்மிடமே காசு வாங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

சாப்பாட்டில் ஹோட்டல் காலை உணவை அடித்துவிடு. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சாண்ட்விச், ஒரு தின்பண்டம், ஒரு பானம் சேர்த்து ‘மீல் டீல்’ என்று விற்பார்கள். மதியத்துக்கு அது போதும். தண்ணீர் பாட்டில் வாங்காதே. ரெஸ்டாரன்ட்டில் ‘டேப் வாட்டர்’ என்று கேளு, காசில்லாமல் தருவார்கள். பில்லில் பன்னிரண்டரை சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்திருப்பார்கள், அதற்கு மேல் டிப்ஸ் வைத்துவிடாதே. நாக்கு செத்துப்போனால் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம் போய் இறங்குங்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த் முழுக்க நம் கடைகள்தான். அக்கா கனடாவுக்குப் போய்விட்டாலும் தோசை அங்கேயேதான் இருக்கிறது.

இப்படி மிச்சமாவதை நாடகத்தில் போடு. ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் மேடைக்கு முன்னால் நின்று பார்க்க ஐந்து, பத்து பவுண்டுக்கே டிக்கெட் கிடைக்கும். உன் கண் உடனே அங்கேதான் போகும், தெரியும். கூரை இல்லாத இடம், மழை வந்தாலும் குடை விரிக்க விடமாட்டார்கள். நித்யா முழங்கால் வலியோடு மூன்று மணி நேரம் நிற்க வேண்டாம். இரண்டு பேருக்கும் உட்காரும் டிக்கெட்டே எடு. வெறும் பெஞ்சுதான், மெத்தை வாடகைக்குக் கிடைக்கும், அதையும் வாங்கிக்கொடு.

ஸ்கை கார்டன் டிக்கெட்டை மூன்று வாரத்துக்கு முன்பிருந்துதான் எடுக்க முடியும், திங்கட்கிழமைதோறும் திறப்பார்கள். உனக்குத் திங்கட்கிழமை முழுக்க மீட்டிங் இருக்குமே, நித்யாவையே போடச் சொல்.

அன்புடன்,
அம்மா