ஒளிப்படக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். உறுப்பினர் பட்டியலும் அவரிடமே இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரும் அதில் உள்ளதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த அறிக்கை பெரும்பாலும் போட்டிகளைப் பற்றியது. இந்த ஆண்டு செயற்குழுவில் அதிகம் பேசியதும் அதிகம் சண்டை போட்டதும் அதைப் பற்றித்தான்.

மாதப் போட்டி வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு மாலைகளில் நடந்தது. ஐப்பசி மழையில் ஒரு மாதம் தள்ளிப்போனது. ஆளுக்கு இரண்டு படம்: ஒன்று தலைப்புக்கு, ஒன்று விருப்பத்துக்கு. பெயரை மறைத்துவிட்டு வெளியூர் நடுவரிடம் கொடுக்கும் முறையில் மாற்றம் இல்லை. ‘கோடு’ என்று தலைப்புக் கொடுத்த மாதம் வந்ததில் பாதி ரயில் தண்டவாளம். ‘சந்தை’க்குக் காமராஜர் மார்க்கெட்டின் வெங்காய மூட்டைகளை எல்லாக் கோணத்திலும் பார்த்துவிட்டோம். அதிகம் பேசப்பட்டது ‘கை’ தலைப்பு. அந்த மாலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

அன்று வந்த ஒரு படம், வீணை செய்யும் ஆசாரி ஒருவரின் கை. பலா மரத்தைக் குடைந்து குடம் செய்துகொண்டிருக்கிறார். விரல் முட்டிகளின் மடிப்புகளில் மஞ்சள் மரத்தூள் படிந்திருக்கிறது. நல்ல படம்தான், ஆனால் எல்லாருக்கும் ஏதோ உறுத்தியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நடுவர் பையிலிருந்து ‘ட’ எழுத்து மாதிரி வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை எடுத்தார். படத்தின் மேல் ஒன்றை இப்படியும் இன்னொன்றை அப்படியும் வைத்து மெல்ல நெருக்கினார். மேல் மூலையில் இருந்த ஜன்னல் மறைந்த நொடியில் கை முன்னால் வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. “அம்மா, வெட்டிச் சரிசெய்யலாம், ஆனால் முழங்கை போய்விடும். திரும்பப் போய் எடுங்க” என்றார்.

அந்த உறுப்பினர் திரும்பப் போனார். உட்காரும் இடத்தைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று ஆசாரியிடம் கேட்டிருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில்தான் அவருக்கு வேலையே ஓடும், மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி என்று இவர் தன் நேரத்தை மாற்றிக்கொண்டார். வெயில் சாய்ந்து, ஜன்னல் அடங்கி, எதிர்ச் சுவரிலிருந்து வெளிச்சம் திரும்பும் நேரமாகப் பார்த்துப் போய் எடுத்து வந்தார். அந்த இரண்டாவது படம் பிறகு சலோன் எனப்படும் வெளிநாட்டு ஒளிப்படப் போட்டி ஒன்றில் ஏற்கப்பட்டது. மாதப் போட்டியில் முதல் படத்துக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மாதப் போட்டிக்கு வரும் படங்களின் தரம் குறைந்துவிட்டது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உண்மைதான். நம்மில் நன்றாக எடுப்பவர்கள் நல்ல படத்தைச் சலோனுக்கு என்று பத்திரப்படுத்திவிட்டு, ஹார்ட் டிஸ்கில் மிச்சம் கிடப்பதை நமக்குத் தருகிறார்கள். முன்கூட்டியே காட்டிவிட்டால் அடுத்த வாரமே நாலு பேர் அதே இடத்துக்கு ட்ரைபாடோடு போய் நிற்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆண்டு வெளிப்போட்டிகளில் ஏற்கப்பட்ட நம் படங்களைப் பாருங்கள். அநேகமாக எல்லாமே இந்த அறையில் முதலில் அடிவாங்கிய படங்கள். யாருக்கும் காட்டாமல் நேரே அனுப்பியவற்றில் பெரும்பாலானவை போன வேகத்தில் திரும்பின. சலோனில் மூன்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். உங்களுக்கு எண் மட்டும் வரும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜன்னலை மறைத்துக் காட்ட ஆள் இருப்பது இங்கேதான்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் சலோன் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக அளவில் எஃப்.ஐ.ஏ.பி. என்ற ஒளிப்படக் கூட்டமைப்பு 1950-ல் தொடங்கியது. அமெரிக்க ஒளிப்படச் சங்கமான பி.எஸ்.ஏ. அதற்கும் மூத்தது, 1934. நம் நாட்டில் 1953-ல் தொடங்கிய இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு இருக்கிறது. இவற்றின் அங்கீகாரத்தோடு ஆங்காங்கே உள்ள கழகங்கள் நடத்தும் போட்டிகளே சலோன்கள். பொதுவாகப் பிரிவுக்கு நான்கு படம் அனுப்பலாம். ஏற்கப்பட்டவற்றின் எண்ணிக்கை சேரச் சேரப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஏ.எஃப்.ஐ.ஏ.பி. போன்ற பட்டங்கள் கிடைக்கும். பட்டம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் படத்தைவிட்டு எண்ணிக்கையைப் பார்க்க ஆரம்பித்தால், கேமராவை வைத்துவிட்டு எக்செல் பைலோடு உட்கார வேண்டியதுதான்.

விதிகளைப் படிக்காமல் அனுப்பித் திரும்பி வந்த படங்கள் இந்த ஆண்டும் உண்டு. ஒரு முறை ஏற்கப்பட்ட படத்துக்கு வேறு பெயர் வைத்து மறுபடி அனுப்பக் கூடாது. வண்ணத்தில் போன படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி அனுப்பினாலும் அது அதே படம்தான், பெயரும் அதேதான். கருப்பு வெள்ளைப் படம் முழுக்க ஒரே சாயம் ஏற்றலாம். ஒரு மூலைக்கு மட்டும் ஏற்றினால் அது வண்ணப் பிரிவுக்குப் போய்விடும். பெயர் இடத்தில் கேமரா கொடுத்த கோப்பு எண்ணையே போட்டு அனுப்பிய அன்பர் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள கஷ்டம். பல சலோன்களில் படம் 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரத்துக்குள் அடங்க வேண்டும். நாமோ தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எப்போதும் நெட்டுக்குத்தாகத்தான் எடுப்போம். நடுவரின் திரையில் அது நடுவில் ஒல்லியாக நிற்கும், இரண்டு பக்கமும் வெறும் கறுப்பு. அகலவாக்கில் எடுத்த படத்தில் பாதி அளவுகூட இருக்காது. கோயிலை அகலவாக்கில் யோசித்துப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். திருச்சுற்று மாளிகையும் மதில் மேல் வரிசையாக இருக்கும் நந்திகளும் அதற்கு ஏற்றவை. உள்ளே ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி தேவை என்பதையும் வருடாவருடம் சொல்கிறேன், இந்த வருடமும் சொல்லிவிட்டேன்.

இயற்கைப் பிரிவில்தான் அதிக மனத்தாங்கல். 2015 முதல் எஃப்.ஐ.ஏ.பி., பி.எஸ்.ஏ., இங்கிலாந்தின் ராயல் ஒளிப்படச் சங்கம் மூன்றும் ஒரே வரையறையை வைத்திருக்கின்றன. வளர்ப்பு விலங்கு கூடாது, பயிரிட்ட செடி கூடாது, வீட்டு விலங்காக இருந்து காடேறியதும் கூடாது. படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது, ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். இந்த வரையறையோடு நம் டெல்டாவில் இறங்கினால் என்ன ஆகும்? எருமை முதுகில் உட்கார்ந்திருக்கும் உண்ணிக்கொக்கு, நாம் எல்லாரும் ஒரு முறையாவது எடுத்த படம், எருமையால் தள்ளுபடி. கோடியக்கரைக்குக் கூட்டாகப் போய் வந்தபின் மூன்று பேர் அனுப்பிய குதிரைப் படங்களும் அப்படியே. உப்புத் தரையில் பிடரி பறக்க ஓடும் அந்த மட்டக்குதிரைகள் பார்ப்பதற்குக் காட்டு விலங்குதான். ஆனால் எந்தக் காலத்திலோ மனிதன் வளர்த்த இனம். பக்கத்திலேயே நின்ற வெளிமான் செல்லும், குதிரை செல்லாது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆய்வு செய்கிறார்கள். காலில் வளையம் தெரிந்த உள்ளான் படத்தை ஒரு கல்லூரி மாணவர் அனுப்பத் தயங்கினார். வளையத்தை போட்டோஷாப்பில் அழித்துவிடலாமா என்றும் கேட்டார். ஆய்வு வளையத்துக்கு விதியில் இடம் உண்டு, அதை அழித்தால்தான் தகுதி போகும் என்று எடுத்துச் சொன்னோம். படம் வளையத்தோடே போய் ஏற்கப்பட்டது.

கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கும் போனோம். 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபின் அங்கே கூட்டம் கூடியிருக்கிறது. வரித்தலை வாத்துகள் தூரத்தில்தான் இருந்தன. கரையிலிருந்து இறங்கிக் கிட்டே போகலாம் என்றவர்களை மூத்தவர்கள் தடுத்துவிட்டார்கள், அதுவே சரி. கூட்டில் இருக்கும் பறவை, குஞ்சுக்கு இரை ஊட்டும் பறவை ஆகிய படங்களை மாதப் போட்டியில் ஏற்பதில்லை என்ற தீர்மானம் தொடர்கிறது.

அடுத்து, செயற்கை நுண்ணறிவு. கூட்டத்தில் நாற்காலி மட்டும்தான் பறக்கவில்லை. விருப்பப் பிரிவுக்கு வந்த ஒரு படத்தில் பெரிய கோயிலுக்குப் பின்னால் முழு நிலவு, விமானத்தின் பாதி அகலத்துக்கு. எடுத்த இடம் எதிரே உள்ள சாலை என்பது கல் வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. அவ்வளவு கிட்டே நின்றால் நிலவு ஒரு பொட்டு அளவுக்குத்தான் விழும். கேட்டவுடன் அந்த இளைஞர் ஒளிக்காமல் சொன்னார்: செல்பேசிச் செயலி வானத்தை மாற்றிக் கொடுத்தது, மாற்றக் கூடாது என்று நம் விதியில் எங்கும் இல்லையே! அவர் சொன்னது சரி. இல்லைதான்.

உலகமே இதில் குழம்பித்தான் இருக்கிறது. 2023-ல் சோனி உலக ஒளிப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சன், என் படம் கணினி உருவாக்கியது என்று தானே சொல்லி விருதை மறுத்தார். மறு வருடம் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் நேர்மாறாகச் செய்தார். தலை மறைந்து நிற்கும் பூநாரையின் நிஜப் படத்தை ‘1839’ என்ற பெயரிலான ஒளிப்பட விருதுகளின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பி, பரிசும் வாங்கி, உண்மையைச் சொன்னதும் தகுதி நீக்கம் ஆனார்.

இந்த நேரத்தில்தான் லினேயஸ் ட்ரைப் பற்றிய சிறப்புரையும் அமைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர். 1858-ல் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர். பேசிய உறுப்பினர் போகிற போக்கில், காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக விழும் என்பதால் ட்ரைப் அதன்மேல் சாயம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார் என்றும் சொல்லிவிட்டார். நிலவுப் பட இளைஞர் எழுந்து நின்றுவிட்டார். “அவர் மேகம் வரைந்தால் வரலாறு, நான் நிலா வைத்தால் மோசடியா?” கைதட்டல் அடங்கச் சிறிது நேரமானது. ஸ்டுடியோ நடத்தும் நம் மூத்த உறுப்பினர்தான் பதில் சொன்னார்: “தம்பி, அவர் தன் கையால் வரைந்தார். உன் நிலாவை யார் வரைந்தது, சொல் பார்ப்போம்.” இரண்டு பக்கமும் பிறகும் பேசினார்கள். எனக்கு மூத்தவர் கட்சிதான் சரியென்று படுகிறது.

முடிவாக வந்த தீர்மானம்: மாதப் போட்டியில் முதல் மூன்று இடம் பெறுபவர்கள் அசல் கோப்பைக் காட்ட வேண்டும். கேமராவானால் ரா கோப்பு, அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு; செல்பேசியானால் திருத்தாத படம். சலோன்களிலும் சந்தேகம் வந்தால் ரா கோப்பு கேட்கிறார்கள், இப்போதே பழகிக்கொள்வது நல்லது. வெளிச்சம், மாறுபாடு, வெட்டு, தூசி நீக்கம் வரை பிலிம் காலத்து இருட்டறையிலேயே செய்ததுதான், அதற்குத் தடை இல்லை. எடுக்காத ஒன்றை உள்ளே வைத்தால் அது ‘படைப்பு’ப் பிரிவுக்குப் போகும். அந்தப் பிரிவில் முதல் பரிசு வாங்கியவர் அதே நிலவு இளைஞர்.

என் சொந்தக் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். காசு கொடுத்துக் கூட்டமாகப் போய், புகை போட்டு, கதிர் விழ வைத்து, ஒரு பெரியவரை விளக்கோடு உட்கார வைத்து எடுக்கும் படங்களுக்கு இப்போது சலோன்களில் மவுசு. இருபது பேர் தோளோடு தோள் நின்று எடுத்தால் இருபதும் ஒரே படம். விதிப்படி குற்றமில்லை. நம் கழகத்திலும் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதப் போட்டியில் அந்த மாதிரிப் படத்துக்கு மேல் மதிப்பெண் போட வேண்டாம் என்று நடுவர்களிடம் சொல்லலாமா என்பதைப் புதிய செயற்குழு யோசிக்கட்டும்.

ஆகஸ்டு 19, உலக ஒளிப்பட நாளை ஒட்டிக் கண்காட்சி நடந்தது. எல்லாப் படமும் 12-க்கு 18 அங்குல அச்சு. ஆடி முடிந்தும் காற்று விடவில்லை. முதல் நாள் காலையிலேயே அட்டைகள் சரிந்தன. உறுப்பினர் வீடுகளிலிருந்து துணி காயப்போடும் கிளிப்புகளைத் திரட்டி நிலைமையைச் சமாளித்தோம். வாங்கிய கிளிப்புகளை இன்னும் சிலருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவும். பார்க்க வந்தவர்கள் அதிக நேரம் நின்றது வீணைக்காரர் கை முன்னால்தான். அந்த ஆசாரியும் பேரப்பிள்ளையோடு வந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, உளி பிடித்திருக்கும் கோணம் சரியாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கழகத்தின் முதல் தலைமுறை உறுப்பினர் ஒருவரை இந்த ஆண்டு இழந்தோம். குடும்பத்தினருக்கு நம் இரங்கல். அவருடைய என்லார்ஜரையும் ட்ரேக்களையும் வீட்டார் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்குத் துணைத்தலைவர் வீட்டுப் பரணில் உள்ளன. இருட்டறை வைக்க ஓர் அறை கிடைக்குமா என்று தேடுகிறோம். யாரிடமாவது தண்ணீர் வசதியோடு சின்ன அறை இருந்தால் சொல்லுங்கள், வாடகை கட்டுப்படியாக வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் யோசனைகள் இவை. மாதப் போட்டியில் ஆளுக்கு ஒரு படமாவது அச்சாக இருக்க வேண்டும். திரையில் ஓட்டினால் நிமிடத்துக்கு நாலு படம் ஓடிவிடுகிறது, பலகையில் மாட்டினால்தான் எழுந்து போய்ப் பார்க்கிறார்கள். அச்சுச் செலவில் ஒரு பகுதியைக் கழகம் ஏற்கலாம் என்று பொருளாளர் அரை மனதோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். நடுவர் மதிப்பெண் கொடுப்பதோடு நிறுத்தாமல், பரிசு பெறாத படங்களைப் பற்றியும் பேச வேண்டும். அதற்காக நிகழ்ச்சி அரை மணி நேரம் நீளும். ஒரே இடத்தை நாலு பேர் போய் எடுக்கும் பிரச்சினைக்கு, படம் காட்டியவர் அதைச் சலோனுக்கு அனுப்பி முடிவு வரும்வரை மற்றவர்கள் அந்த இடத்தில் எடுத்ததைப் போட்டிக்குக் கொண்டுவருவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எழுத்தில் போட முடியாத விதிதான், ஆனாலும் நமக்குள் போதும்.

இடம் தந்த பள்ளிக்கும், பேருந்துச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துபோன நடுவர்களுக்கும், ஒவ்வொரு மாதமும் டீ, சமோசா ஏற்பாடு செய்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த மாதத் தலைப்பு ‘நிழல்’. படங்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் வந்துவிட வேண்டும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்