‘விரக்தியால்’ என்று தலைப்பு எழுதுபவர்களுக்கு

தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கும் துணை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் பிளஸ் டூ வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவள். ‘விரக்தி’ என்ற ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

வடமொழியில் இதற்குப் பற்றின்மை என்று பொருள். துறவி தேடிப் போய் அடைகிற நிலை. வைராக்கியமும் இதே வேரில் பிறந்ததுதான். அதற்கும் முதலில் பற்றின்மை என்றே பொருள். ‘மயான வைராக்கியம்’ என்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. பேச்சுவழக்கில் வைராக்கியம் மன உறுதியாகிவிட்டது, விரக்தி நம்பிக்கை அற்றுப்போன நிலையாகிவிட்டது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வேலைக்கு எழுதிப் போட்டு அலுத்துப்போன ஒருவர் ‘விரக்தியா இருக்கு’ என்றால் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

நான் மன்றாடுவது தற்கொலைச் செய்திகளுக்காக. ‘தேர்வில் தோல்வி: விரக்தியால் மாணவி...’ என்று தலைப்பு வருகிறது. ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை உருபு. இதனால் இது நடந்தது என்று காரணத்தை முடித்துச் சொல்லிவிடும். ஒரு பிள்ளையின் மனதில் என்னென்ன இருந்தன என்று யாரும் விசாரிக்கும் முன்பே அந்த ஓர் உருபு தீர்ப்பு எழுதிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு மாணவி என்னைப் பார்க்க வந்தாள். இயற்பியலில் தவறியிருந்தாள். கையில் நான்காக மடித்த பேப்பர். இதே மாதிரி ஒரு தலைப்பின் மேல் விரலை வைத்து, “எனக்கும் இதுதான் மிஸ்” என்றாள். அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் அம்மா வரும்வரை பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். பேசப் பேசத்தான் தெரிந்தது: அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம், தோழிகள் முன் வெட்கம், இரண்டு நாள் தூங்காத களைப்பு. ஒவ்வொன்றுக்கும் செய்ய ஏதோ ஒன்று இருந்தது. அப்பாவிடம் நான் பேசினேன். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டினோம். எல்லாவற்றையும் ‘விரக்தி’ என்று சேர்த்து மூடியிருந்தால் செய்வதற்கு எதுவுமே இல்லாதது போல் ஆகியிருக்கும்.

தற்கொலைச் செய்தியைப் பெரிதாகப் போடக் கூடாது, அது ஒரு தீர்வு என்று தோன்றும்படி எழுதக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019லேயே நெறிமுறை தந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் காவல் நிலையக் குறிப்பில் ‘வாழ்க்கையில் விரக்தி அடைந்து’ என்று இருந்தால், அது அப்படியே அச்சுக்குப் போய்விடுகிறது.

இந்தச் செய்திகளில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ‘மனமுடைந்து’ என்று மாற்றிப் போட்டாலும் அதே கதைதான். காரணம் தெரியவில்லையென்றால் எழுத வேண்டாம். அப்புறம், 104, 14416 என்ற உதவி எண்களை அடியில் எறும்பு எழுத்தில் போடாமல், செய்தியின் எழுத்தளவிலேயே போடுங்கள். தேர்வு முடிவு வரும் நாளில், துணைத் தேர்வு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது என்பது முதல் பக்கத்தில் வரட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை