அலுமாரிகளைத் திறந்தவர்களுக்கு

கல்லடியில் எங்கள் வாசிகசாலையில் வைத்த 'கூட்டாளிமார் படங்கள்' காட்சி முடிந்து ஒரு கிழமையாகிறது. சுவரில் அடித்த ஆணிகளையும் பிடுங்கியாயிற்று. வீடு வீடாகப் போய் நன்றி சொல்லத்தான் நினைத்தேன், மழை விடவில்லை. அதனால் இந்த மடல்.

வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாமே இரண்டு ஆண்கள் சேர்ந்து நிற்கும் பழைய படங்கள். பெரும்பாலானவை மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஸ்டூடியோக்களில் 1950களிலிருந்து 70களின் கடைசி வரை எடுத்தவை. படம் கீறிய திரைக்கு முன்னால் ஒருவர் கதிரையில் இருப்பார், மற்றவர் அவர் தோளில் கை போட்டு நிற்பார். சிலவற்றில் சுண்டுவிரல்கள் கோத்திருக்கும். ஒன்றில் ஒருவர் மற்றவரின் மடியில் தலை வைத்துப் படுத்தே விட்டார்! அந்தக் காலத்துக் கலியாணப் படங்களில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரு முழம் தள்ளித்தான் நிற்பார்கள். ஒட்டிக்கொண்டு நின்றவர்கள் கூட்டாளிமார்தான்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அப்பாவின் படத்தால். 1964 இல் அவரும் காத்தான்குடிக் காக்காவும் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சேர்ந்து எடுத்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டார்கள். எங்கள் பிரதி 2004 டிசம்பர் 26 அன்று கடல் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. நான்தான் அவசரப்பட்டுக் கண்ணாடியிலிருந்து இழுத்தேன். அப்பாவின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது. தோளில் கிடந்த காக்காவின் கை மட்டும் தாளில் மிஞ்சியது.

ஆகவே முதல் நன்றி காக்காவின் மகனுக்கு. ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிளில் பிஸ்கட் டின்னோடு வந்து இறங்கினார். "வாப்பா இத அலுமாரித் தட்டில விரிச்ச பேப்பருக்குக் கீழ வச்சிருந்தாரு" என்றார். அதே படம், முழுசாக. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் 'மச்சானுக்கு' என்று ஒரே ஒரு சொல். 1990 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையோடு தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்த பிறகு, பஸ் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். நித்திரை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

இந்தக் கரையில் ஒரு பழைய படம் தப்பியிருக்கிறது என்றால் 78 நவம்பர்ச் சூறாவளி, சண்டைக்கால ஓட்டங்கள், கடல் எல்லாவற்றையும் அது தாண்டியிருக்க வேண்டும். தாண்டிய படத்தையும் நாமே கெடுக்கிறோம். எனக்கு இதைப் படிப்பித்த ஸ்கேன் தங்கச்சிக்கு அடுத்த நன்றி. நனைந்த படத்தில் ஜெலட்டின் படலம் ஊதி இளகியிருக்குமாம், மேற்பக்கத்தில் விரல் படவே கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெல்ல அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் காயவிட வேண்டும். இரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாவிட்டால் பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம். கண்ணாடியில் ஒட்டியதை இழுக்காமல் கண்ணாடியோடேயே ஸ்கேன் பண்ணிவிட வேண்டும். (இருபது வருடம் முந்தி இவள் எங்கே இருந்தாள்!) பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படங்களை அவள் எடுத்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பல்லிடுக்கில் இழுக்கும் மெழுகு பூசாத நூலை ஒரு மூலையில் நுழைத்து, வாளால் மரம் அறுக்கிற மாதிரி இடமும் வலமுமாக, மூச்சை அடக்கிக்கொண்டு. ஒரு படத்துக்கு முக்கால் மணித்தியாலம். லேமினேட் பண்ணிக்கொண்டு வந்த இரண்டு படங்களுக்கு மட்டும் அவளிடமும் மருந்து இல்லை. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் படமும் சேர்ந்து வரும்.

தச்சு வேலை செய்த தம்பிமார், மருதமுனையிலிருந்து மேசைக்குக் கைத்தறித் துணி அனுப்பியவர்கள், இரண்டு நாளும் பிளேன்டி ஊற்றிய அக்கா, தகப்பனுடைய ஸ்டூடியோ நெகட்டிவ்களைக் குப்பையில் போடாமல் வைத்திருந்த மகன், எல்லோருக்கும் நன்றி.

இன்னொருவர் இருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். உறைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்து, "கீழ ஒண்டும் எழுதாத புள்ள" என்றார். எழுதவில்லை. இரண்டு நாளும் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்து, அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அமெரிக்காவில் ஹியூ நினி, நீல் ட்ரெட்வெல் என்ற ஆண் சோடி, பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு படத்தில் தொடங்கி இப்படி 2,800க்கு மேல் சேர்த்து, 2020 இல் காதலர்களின் படங்கள் என்றே புத்தகமாகப் போட்டார்கள். எனக்கு அப்படிப் பெயர் வைக்கத் துணிவில்லை. ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் எழுதிவைத்த 365அ பிரிவு உள்ள நாடு இது, படத்தில் இருப்பவர்களுக்குப் பேரப்பிள்ளைகளும் உண்டு. ஆனால் 'வெறும் கூட்டாளிமார்' என்று எழுதச் சொல்லி வற்புறுத்தியவர்களுக்கும் நான் உடன்படவில்லை. அந்த 'வெறும்' எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா பஸ்ஸில் கண்ணை மூடியது வெறுமனே அல்லவே. பெரியவரே, உங்களுக்கு என் தனி நன்றி. உங்கள் படம் பத்திரமாக இருக்கிறது, பிரதி எதுவும் எடுக்கவில்லை.

மற்றப் படங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இரண்டுக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை. ஒன்று பாசிக்குடாவில் எடுத்தது, சாரத்தை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் இருவர், ஒருவர் வாயில் மற்றவர் எதையோ ஊட்டுகிறார். மற்றதில் ஒரே மாதிரிக் கோடு போட்ட சேட்டுகள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாசிகசாலையில் நிற்பேன். ஷொப்பிங் பேக் கொண்டு வராதீர்கள், தாள் உறை நான் தருகிறேன்.