கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ரோமானியர் ஊரான பொம்பேயிலிருந்து நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்தன. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் வெயிலில் போகக் கூடாதாம். அதனால் படங்களை நான்தான் அவருக்கு வாயால் சொல்லிக் காட்டினேன்.

அங்கே இருக்கிற வெட்டியி வீட்டு அடுப்படியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் உலகமே அந்த வீட்டுக்குச் சுவர் ஓவியம் பார்க்கப் போகிறது, நான் மட்டும் வேலைக்காரர்கள் புழங்கிய பின்கட்டில் நிற்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. கட்டி எழுப்பிய மேடை, அதன்மேல் கனல், கனலுக்கு மேலே வெண்கலப் பாத்திரம். புகைபோக்கி என்று ஒன்று கிடையாது. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அடுப்பில் இருந்த பாத்திரங்கள், 1890களில் தோண்டும்போதும் அடுப்பிலேயே இருந்தன என்பதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. அந்த வீட்டுக்காரர்களே ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுதலை வாங்கியவர்கள் என்கிறார்கள். கஷ்டம் தெரிந்தவர்கள் வீட்டிலும் சமைக்கிறவர்களுக்குக் கிடைத்தது மூலைதான். அடுப்படிக்குப் பக்கத்து முற்றத்தில் வீட்டுத் தெய்வங்களை எழுதி, கீழே ஒரு பாம்பையும் எழுதியிருக்கிறார்களே, அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கயல், உன் அடுப்படியை நீ காட்டி ரொம்ப நாளாகிறது. முன்பெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டுவாய். மாப்பிள்ளை பின்னால் நின்று கையசைப்பார். தீபாவளிக்கு அப்புறம் எப்போது பேசினாலும் உனக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. அந்த மாடி வீட்டுச் சுவர் பச்சை நிறம். நான் எதுவும் கேட்கவில்லை. புதிதாக வெள்ளை அடித்திருக்கலாம். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே.

ஆட்கள் ஒரு வார்த்தைகூட எழுதி வைக்காவிட்டாலும் அவர்கள் விட்டுப்போன சாமான்களே சொல்லிவிடும் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். 2021-ல் பொம்பேய்க்குப் பக்கத்தில் சிவித்தா ஜூலியானாவில் கிடைத்த அந்த அடிமைகள் அறையைப் பற்றி அன்றைக்கு எவ்வளவு நேரம் பேசினாய்! பதினாறு சதுர மீட்டர் இடம், உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், சுவரில் ஓர் ஓவியம் கிடையாது. கட்டிலுக்கு அடியில் ஜாடிகள். மரமும் கயிறும் மக்கிப்போய்ச் சாம்பலில் விட்டிருந்த குழியில் சாந்து ஊற்றி, கயிற்றுக் கட்டிலின் உருவத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள். மூன்று கட்டிலில் ஒன்று மட்டும் 1.40 மீட்டர் நீளம், அது பிள்ளை படுத்ததாக இருக்கும் என்றாய். ஒரு கட்டில் நீளத்தை வைத்து அங்கே பிள்ளை இருந்ததைச் சொல்கிற பெண், தன் அம்மாவுக்கும் கண் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் பொம்பேயில் தங்கக் காப்பு வீடு என்கிறார்களே, அந்த வீட்டுச் செய்தி. மாடிப்படிக்கு அடியில் மடியில் பிள்ளையோடு கிடைத்தவரை 1974-லிருந்து தாய் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கையில் காப்பு, மடியில் பிள்ளை, வேறென்ன நினைப்பார்கள்? 2024-ல் மரபணுவைப் பார்த்தால் அவர் ஆண். பிள்ளைக்கும் அவருக்கும் ரத்த உறவே இல்லை. நீ அதை ஆராய்ச்சி எப்படி ஏமாறும் என்பதற்காகச் சொன்னாய். எனக்கு வேறு மாதிரிப் பட்டது. வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிற நேரத்தில், தனக்குப் பிறக்காத பிள்ளையைக் கடைசிவரை ஒருவர் விடாமல் வைத்திருந்திருக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நேப்பிள்ஸில் உனக்குக் காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? சேர்ந்து படிக்கிறவர்களா, வீட்டுக்காரம்மாவா? யாராக இருந்தாலும் சரி. ஓர் ஆள் இருக்கிறார் என்று மட்டும் சொல்.

இங்கே எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். என் பெண் ரோமானியர் வீடுகளை ஆராய்ச்சி செய்கிறாள் என்று கோயிலில்கூடச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையைக் கேட்டால் வேலை அதிகம் என்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு நீ எதுவும் தரவில்லையே.

பெரியத்தை விஷயத்தில் நம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். அப்போது அப்பா பேசிய பேச்சும் தெரியும். அது அந்தக் காலம். போன வாரம் பெரியத்தை வந்திருந்தபோது அப்பாவே தட்டு வைத்துப் பரிமாறினார். இதை ஏன் எழுதுகிறேன் என்று யோசிக்காதே, எழுத வேண்டும் என்று தோன்றியது. எதையும் தனியாக வைத்துக்கொண்டு கஷ்டப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பருப்புப்பொடி, நார்த்தங்காய், நீ கேட்ட மிளகாய்வற்றல் எல்லாம் கட்டி வைத்துவிட்டேன். கூரியரில் முகவரி எழுதித் தரச் சொல்கிறார்கள். பழைய முகவரிக்கே போடட்டுமா, வேறு இருந்தால் எழுது. எதை எழுதினாலும் அந்த முகவரிக்குப் போட்டுவிடுகிறேன். அப்பாவுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றுதான் சொன்னார்.

அன்புடன்
அம்மா