வழியில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். இந்த மடல் கொஞ்சம் தாமதம்தான். 2024 தை, மாசி மாதங்களில் மலேசியாவின் பினாங்கில் தொடங்கி வியட்நாமின் ஹனோய் வரை தனியாகப் போய்வந்தேன். உதவியவர்களுக்கு அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாயிற்று, போதும் என்று இருந்துவிட்டேன். 2025ல் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் சண்டை, எல்லையை அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நான் நடந்தே கடந்த இடம் அது. அங்கே பழகிய முகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன. இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

இவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை. காரைக்குடியில் தபால் நிலையக் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். முகவரி சரியில்லாத கடிதமும் எப்படியாவது போய்ச் சேரும் என்பது என் அனுபவம்.

அறுபத்தெட்டு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் உதவிக்குப் பஞ்சமே இல்லை. பையைப் பிடுங்குவார்கள், கையைப் பிடிப்பார்கள், "உங்களால முடியாதும்மா" என்று எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். அதுவும் அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் முடிவை என்னிடமே விட்டுவிட்டு, அதற்கு வேண்டியதை மட்டும் செய்துகொடுத்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த நன்றி.

முதலில் உள்ளூர்க்காரர்கள். ஒரு பயண முகவர், "பையனை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க, அப்புறம் டிக்கெட் பார்க்கலாம்" என்றார். அவர் யாரென்று சொல்லப் போவதில்லை. அங்கிருந்து நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி ஒரு கேள்வி கேட்காமல் டிக்கெட்டும் விசாவும் போட்டுக்கொடுத்தார். வியட்நாம் இ-விசாவில் எந்த எல்லை வழியாக உள்ளே போகிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். கம்போடியாவிலிருந்து சைகோனுக்குச் சாலை வழியாக நான் போக இருந்த எல்லை மொக் பாய். அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர் அவர்தான். வங்கியில் இருந்த பெண், என் அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கு நாமேதான் அனுமதி போட வேண்டும் என்று சொல்லி, போனில் என் விரலாலேயே செய்ய வைத்தார். அவரே வாங்கிச் செய்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எங்கள் டாக்டர், மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்தார். பாங்காக்கில் பிரஷர் மாத்திரை தீர்ந்தபோது அந்தச் சீட்டுதான் பேசியது.

பினாங்கில் தைப்பூசம். அந்த வருடம் ஜனவரி 25. 1894 முதல் ஓடுகிற நகரத்தார் வெள்ளி ரதத்தைப் பற்றி எங்கள் ஊரில் பேசிக் கேட்டே வளர்ந்தவள், நேரில் பார்க்கப் போனேன். வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் உடைக்கிறார்கள். உடைக்கிறவர்களில் சீனர்களும் நிறைய. தண்ணீர் பந்தலில் இருந்த ஒரு பெண், நான் மலைக்கோயிலை அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஐந்நூத்துப் பதிமூணு படி. ஏறணும்னா இப்ப வேணாம், வெயில் தாழட்டும். அதுவரைக்கும் இங்க உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை, பாருங்கள். மோரும் கொடுத்தார். இருட்டியபிறகு ஏறினேன். முட்டி மறுநாள் பேசியது, அது வேறு விஷயம்.

பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் போகிற ரயிலில் பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர். என் கவலையெல்லாம் சாப்பாடு. நான் சைவம். தாய்லாந்தில் கீரை வதக்கினாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அவர் ஒரு அட்டையை எடுத்து தாய் எழுத்தில் 'ஜே' என்று பெரிதாக எழுதி, மஞ்சள் கொடியில் சிவப்பாக இதே எழுத்து இருக்கிற கடையைத் தேடு என்றார். சீன பௌத்த விரதச் சாப்பாடு அது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. பாடாங் பெசாரில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே ரயில் நிலையத்துக்குள் முடிந்துவிடுகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பச் சொன்னதும் அவர்தான். அந்த அட்டை மடங்கி நைந்து இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

பாங்காக்கில் நான் அதிகம் சுற்றவில்லை. நகரம் பெரிது, சூடு அதிகம். சீலோம் மாரியம்மன் கோயிலில் தாய்லாந்துக்காரர்கள் பூத்தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்ததோடு சரி. ஹுவா லம்போங்கிலிருந்து விடியுமுன் கிளம்புகிற மூன்றாம் வகுப்பு ரயிலில் அரண்யபிரதேத் வரை போனேன். எல்லையைக் கடந்து கம்போடியாவின் போய்பெட்டில் கால் வைத்ததும் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு கொரிய மாணவிகள் கார் பேசிவிட்டு மூன்றாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். சியம் ரீப் வரைக்கும் வாடகையை மூன்றாகப் பிரித்து என் பங்கைக் கணக்காக வாங்கிக்கொண்டார்கள். பாட்டி பாவம் என்று இலவசமாக ஏற்றவில்லை. கண்ணுகளா, அதற்கே தனியாக ஒரு நன்றி.

இப்போது அந்த டுக்டுக் ஓட்டுநரிடம் வருகிறேன். சியம் ரீப்பில் எல்லோரும் அங்கோர்வாட்டில் சூரியன் உதிப்பதைப் பார்க்கத்தான் கூட்டிப்போவார்கள். அங்கோர்வாட்டை நானும் பார்த்தேன். பாற்கடல் கடைகிற புடைப்புச் சிற்பத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன். ஆனால் நான் போனது வேறொரு காரியத்துக்கு. பந்தியாய் ஸ்ரீ என்று 967ல் எழுப்பிய சிறிய சிவன் கோயில் ஒன்று, சியம் ரீப்பிலிருந்து டுக்டுக்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அங்கே ஆடுகிற சிவனுக்குப் பக்கத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிற பெண் உருவம் நம் காரைக்கால் அம்மையார்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அழகு வேண்டாம், பேய் வடிவம் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, தலையால் நடந்து கயிலாயம் ஏறியவள். சிவனே "அம்மையே" என்று கூப்பிட்டது அவளைத்தான். காரைக்காலிலிருந்து கம்போடியா வரைக்கும் அவள் எப்படிப் போனாளோ, அவளிடம் யாரும் பையனின் கையெழுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஓட்டுநருக்கு அம்மையாரைத் தெரியாது. ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வழிகாட்டியாக இருக்கிற நண்பர் ஒருவருக்குப் போன் போட்டார், என் போனில் இருந்த படத்தை அனுப்பினார், எந்த வாசலின் மேல் பார்க்க வேண்டும் என்று விசாரித்து வைத்துக்கொண்டார். சிவந்த மணற்கல், உள்ளங்கை அகலத்தில்கூட ஒரு உலகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்து நான் தரையில் உட்கார்ந்தபோது அவர் எதுவும் கேட்காமல் போய்விட்டார். வண்டியில் தொட்டில் கட்டிப் படுத்துக்கொண்டு, நான் வருகிற வரைக்கும் காத்திருந்தார். கூடுதல் பணம் வாங்க மாட்டேன் என்றவரிடம் சண்டை போட்டுத்தான் கொடுத்தேன். பிறகு ஒருநாள் செய்தி அனுப்பினார்: இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது அந்த அம்மாவை அவரே காட்டுகிறாராம். சண்டைச் செய்தி வந்ததும் நலம் விசாரித்தேன். குடும்பத்தோடு சுகம் என்று பதில் வந்தபிறகுதான் சோறு இறங்கியது.

சைகோனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய புத்தாண்டு, தேத். அந்த வருடம் பிப்ரவரி 10. கடைகள் எல்லாம் அடைப்பு. முதல் நாள் வீட்டுக்குள் முதலில் அடியெடுத்து வைக்கிறவரைப் பொறுத்து வருடத்தின் அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் யார் வீட்டு வாசலையும் தட்ட முடியாது. விடுதிக்காரரின் அம்மா, என் வயதுதான் இருக்கும், வாழை இலையில் கட்டி வேகவைத்த பான் தேத் என்கிற அரிசிப் பலகாரத்தை அறைக்கே கொண்டுவந்தார். உள்ளே வாழைப்பழமும் கறுப்புப் பயறும், சைவம். தேத்துக்குப்பின் கூட்டமெல்லாம் வடக்கிலிருந்து தெற்கே திரும்பும், வடக்கே போகிற ரயிலில் இடம் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கிடைத்தது. ட்ரூங் தின் தெரு மாரியம்மன் கோயிலில், பிரகாரச் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிற வியட்நாம் பெண்களோடு எனக்கும் இடம் விட்டவர்களுக்கும் நன்றி.

தா நாங்கில் பான் மீ என்கிற ரொட்டியைக் கடித்தேன், முன்பக்கக் கட்டுப்பல் கையோடு வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். பல் மருத்துவப் பெண்மணி, போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு இரண்டு வழி சொன்னார்: இப்போதைக்கு ஒட்டுவது, அல்லது புதிதாகக் கட்டுவது. எது வேண்டும் என்று கேட்டார். ஒட்டுங்கள் என்றேன், ஒட்டினார். ஊர் வந்து சேரும்வரை அசையவில்லை. மறுநாள் மீ சோன் போய், குண்டுவீச்சில் சிதைந்த சாம் மக்களின் சிவன் கோயில்களை, வாய் நிறையப் பல்லோடு பார்த்தேன்.

ஹனோயில் சாலையைக் கடப்பதற்குள் ஆயுசு முடிந்துவிடும் போலிருந்தது. தோளில் காவடிக்கூடையோடு பழம் விற்கிற பெண் ஒருத்தி கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, நட என்று தலையசைத்தாள். நிற்காமல், ஓடாமல், ஒரே வேகத்தில் நடந்தால் மோட்டார் சைக்கிள்கள் தாமே விலகிப் போகின்றன. அதற்குப்பிறகு நானே கடந்தேன்.

கடைசியாக என் மகன். தினமும் ராத்திரி ஒரு செய்தி போதும் என்றான், அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது லாவோஸ். வியன்டியனிலிருந்து சீன எல்லை வரை 2021ல் ரயில் விட்டிருக்கிறார்கள். அங்கே சைவச் சாப்பாடு கிடைக்கிற இடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். போகலாமா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்