வேலியைப் பிடுங்குமுன்

பென்னாகரம்,
புரட்டாசி 20.

அன்புள்ள மாதுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம்தானே? என் முட்டி வலி பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதி என்னோடுதான் வரும் போலிருக்கிறது.

போன வாரம் நீ போனில் சொன்னதைக் கேட்டு 'சரி, பார்க்கலாம்' என்று வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாளாக அதே யோசனை. உன் கொல்லையின் மேற்குச் செடிவேலியை ஜேசிபி வைத்து வழித்துவிட்டு, கல் நட்டுக் கம்பி கட்டப்போகிறேன் என்றாய். நிலம் உன்னுடையது, நான் கேட்கக்கூடாது. ஆனால் அந்த வேலியோரம் ஒரு வருஷமாகத் தினமும் நடப்பவன் நான். போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிடா, சரிடா' என்று வெட்டிவிடுவாய் என்றுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இந்த ஊரில் ஒருத்தன் சும்மா நடந்தால் 'என்ன ஆச்சு' என்று பத்துப் பேர் கேட்பார்கள். ஆட்டோடு நடந்தால் ஒருத்தரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் நாலு ஆடு வாங்கினேன். ஆடு மேய்ப்பவனுக்கு முதலில் தெரியவருவது ஆடு எதைத் தின்னாது என்பது. எருக்கைத் தொடாது. ஆடுதீண்டாப்பாளைக்குப் பேரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. முட்சங்கு, சூரை, ஆதொண்டை எல்லாம் முள். நுனியைக் கொஞ்சம் கறம்பிவிட்டு நகர்ந்துவிடும். விழுதிக்கு முள் இல்லை, ஆனால் அது முள்ளுச்செடிகளின் நடுவே புகுந்துகொண்டு தப்பிக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்ந்த மானாவாரிக் காட்டில் பச்சையாக மிஞ்சியிருப்பது ஒன்று விஷம், இல்லாவிட்டால் முள். அந்த மிச்சத்தில்தான் பட்டாம்பூச்சி குடும்பம் நடத்துகிறது. அறுபது வயசுக்கு மேல் நான் கண்டுபிடித்தது இது. சிரிக்காமல் மேலே படி.

ஆரம்பித்தது எருக்கில். ஆவணியில் ஒரு நாள், ஆரஞ்சுச் சிறகு, முனையில் கறுப்பு, அதன்மேல் வெள்ளைப் பட்டை போட்ட ஒன்று எருக்கஞ்செடியைச் சுற்றித் தாழப் பறந்துகொண்டிருந்தது. வெந்தய வரியன் என்று பேர். இலையில் உட்காரும், காலால் தட்டும், கிளம்பும், மறுபடி வரும். அதற்குச் சுவை காலில் இருக்கிறது என்று அப்புறம் படித்தேன். எருக்குதான் என்று கால் சொன்னதும், வயிற்றை வளைத்து இலையின் அடியில் ஒரே ஒரு முட்டை வைத்தது. அடுத்த முட்டைக்கு வேறு இலை தேடிப் போனது.

உங்க அப்பாவின் புழுக் கொட்டகையில் மல்பெரித் தழை போட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் எனக்கு இது பாதி தெரிந்த கதை. பட்டுப்புழுவுக்கு உள்ள அதே நாலு தோலுரிப்பு, அதே ஐந்து பருவம். தோலுரிக்குமுன் தின்னாமல் அசையாமல் கிடக்குமே, அதுவும் அப்படியேதான். ஆனால் பட்டுப்புழு வெளுத்த சாது. இதுவோ கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் போட்டுக்கொண்டு, முதுகில் மூன்று ஜோடிக் கறுத்த கொம்போடு, நட்டநடு வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. ஒளிய வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. எருக்கின் விஷத்தை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது, சிறகு முளைத்த பின்னும் அந்த விஷம் கூடவே போகிறது. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த குருவி மறுபடி அந்த நிறத்தின் பக்கம் வராது. ஆடு தின்னாததைத் தின்று, குருவி தின்னாததாக ஆகிவிடுகிறது.

எருக்கம் பாலிலேயே புழுவும் மாட்டிக்கொள்ளலாம், பிசின் மாதிரி வாயை ஒட்டிவிடும். அதனால் முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் போய்த் தின்கிறது. இதை முதல் தடவை பார்த்த அன்று ஆடு இரண்டு பக்கத்துக் கேழ்வரகில் இறங்கிவிட்டது. அந்தத் திட்டையும் வாங்கினேன்.

கூடு கட்டுவதில்தான் பட்டுப்புழுவுக்கும் இதற்கும் உறவு அறுகிறது. கூடு கட்ட விடும் தட்டியான சந்திரிகையில் ஏற்றிவிட்டால் பட்டுப்புழு நாள் கணக்கில் நூற்றுக்கொண்டே இருக்குமே. இதற்கு ஒரு பொட்டு அளவு பட்டு போதும். அதில் பின்நுனியை மாட்டித் தலைகீழாகத் தொங்கி, கடைசித் தோலை உரித்தால் உள்ளே கூட்டுப்புழு. போர்வையே இல்லை. பேத்தி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐந்து புழு வளர்த்தாள். இலையில் தொங்கினது பச்சை, மூடியில் தொங்கினது இளஞ்சிவப்பு. இரண்டிலும் வரிசையாகத் தங்கப் பொட்டு. எங்கள் கணக்கில் முட்டை 3 நாள், புழு 14 நாள், கூட்டுப்புழு 8 நாள்.

ஐந்தில் இரண்டுதான் பறந்தது. மற்ற மூன்றும் கறுத்து, வெள்ளை இழை தொங்கி, அதன் வழியே ஈப்புழு இறங்கியது. பேத்தி அழுதாள். எனக்கு உங்க அப்பா கொட்டகை ஜன்னலுக்கெல்லாம் வலை கட்டினது ஞாபகம் வந்தது. பட்டுப்புழுமேல் முட்டை வைக்கும் ஊசி ஈ! இது வேறு ஈ, ஆனால் அதே குடும்பம், அதே வேலை.

ஓடைக்கரைக் கரிசலில் ஆடுதீண்டாப்பாளை கிடக்கிறதே, அதில் சிவப்புடல் அழகி முட்டை வைக்கிறது. கறுப்புச் சிறகு, மிளகாய்ப்பழம் போலச் சிவந்த உடம்பு. இதுவும் விஷம் தின்று பிழைக்கும் சாதி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: நம் பாட்டி வயிற்றுப் பூச்சிக்கு அந்த இலையை அரைத்துக் கொடுத்தாளே, இனி யாருக்கும் கொடுக்கவிடாதே. அந்தச் செடியின் அமிலம் மனுஷனின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தங்கச்சி கறிவேப்பிலையில் பச்சைப் புழு என்று நசுக்குகிறாளாமே. அது கறிவேப்பிலை அழகி. சின்னதாக இருக்கும்போது காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், பெரிசானால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டையை நீட்டி நாற்றமடிக்கும். அதன் பெண் பூச்சிகளில் சில சிவப்புடல் அழகியின் வேஷம் போட்டுக்கொண்டு திரியும். விஷம் ஒரு சொட்டும் கிடையாது, எல்லாம் மிரட்டல். வெந்தய வரியனுக்கும் அப்படி ஒரு போலி உண்டு. அந்தப் போலியின் புழு தின்பது என்ன தெரியுமா? நாம் கடைந்து களிக்குத் தொட்டுக்கொள்ளும் பருப்புக்கீரை.

இப்போது உன் மேற்கு வேலிக்கு வருகிறேன். விழுதியும் ஆதொண்டையும் ஒரே குடும்பம், முட்சங்கு அவற்றுக்குத் தூரத்து உறவு. கடுகிலும் முட்டைக்கோஸிலும் இருக்கிற காரச் சத்தின் வகை இந்த மூன்றிலும் உண்டு. அந்தக் காரத்தைத் தேடி வருகிற வெள்ளைச் சிறகுக் கூட்டம் ஒன்று இருக்கிறது, வறண்ட காட்டுக்கென்றே பிறந்தவை. சிறகு முனையில் குங்குமம் தொட்டு வைத்தது போல ஒன்று, ஆரஞ்சு தொட்டது போல ஒன்று. இரண்டும் விழுதிக்கு வரும். முட்சங்கில் இளஞ்சிவப்பும் காவியும் கலந்த சின்னப் பூச்சி. ஆதொண்டையில் வேறு இரண்டு. முட்டை நெல்லை நட்டுவைத்த மாதிரி இலைமேல் நிமிர்ந்து நிற்கும். புழு இலைப் பச்சை, நடுநரம்பில் ஒட்டிப் படுத்துவிட்டால் கண்ணாடி போட்டும் எனக்குத் தெரிவதில்லை, பேத்திதான் காட்டுவாள். கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்காது. இடுப்பில் ஒரு பட்டு இழையைச் சுற்றிக் குச்சியோடு கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கும், மரமேறி இடுப்பில் கயிறு போட்டுக்கொள்வது போல. சூரையில் இருப்பவை இன்னும் சின்னவை. அவற்றின் புழுவை எறும்பு சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொள்ளும். புழு கசியவிடுகிற இனிப்புக்காக எறும்பு செய்கிற காவல் அது.

சித்திரையில் இந்த வேலியை நீ பார்த்திருந்தால் என்னைப் பைத்தியம் என்றிருப்பாய். விழுதி மொட்டையாக நின்றது, ஒரு சிறகுகூட இல்லை. வைகாசியில் இரண்டு மழை. தளிர் விட்ட கொஞ்ச நாளில் வேலி நெடுக வெள்ளை வெள்ளையாக அலைந்தன. சில வேறு இடத்திலிருந்து பறந்து வந்திருக்கும். சில இனங்கள் கூட்டுப்புழுவாகவே காய்ந்த குச்சியோடு குச்சியாக மழைக்குக் காத்துக்கிடக்கும். நீயோ தை, மாசியில் தரை காய்ந்ததும் வண்டி இறங்க வசதி என்கிறாய். அப்போது வேலியில் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தெரியும்.

உன் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். காட்டுப்பன்றி நிலக்கடலையைக் கிளறிப்போட்டதை நானே பார்த்தேன். பக்கத்துக் கொல்லைக்காரர் வருஷம் ஒரு சாண் உள்ளே வருகிறார் என்பதும் பொய்யில்லை. சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துவிடு. கம்பியை வேலிக்கு உள்பக்கம் மூன்றடி தள்ளிப் போடு. மூன்றடியில் உனக்கு எத்தனை கிலோ கடலை போய்விடும்? கிழக்கே இருக்கும் சீமைக்கருவேலத்தைத் தாராளமாக வழி, நானே வந்து நிற்கிறேன். உண்ணிச்செடியையும் எடுத்துவிடு. தேன் குடிக்க எல்லாப் பூச்சியும் அதற்கு வரும், ஆனால் குடித்தனம் நடத்த ஒன்றும் வராது. மேற்கு வேலியை மட்டும் விட்டுவிடு.

2019-இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சி என்று அறிவித்தபோது பேத்தி 'நம்ம கொல்லைக்கு வருமா தாத்தா' என்று கேட்டாள். அது மலைக்காட்டுப் பூச்சி, இங்கே வராது. வராததற்காக ஏங்குவானேன், வருவதையே நாம் பார்த்ததில்லை.

உன் மாமனாரின் காவேரிப்பட்டணம் மாந்தோப்பு 2004-இல் வேறு மாவட்டமாகப் போய்விட்டாலும் அங்கும் ஒரு வேலை சொல்கிறேன். மா இலையின் நடுநரம்பில், இரண்டு பக்கமும் பச்சை இறகை விரித்துப்போட்ட மாதிரி ஒரு புழு படுத்திருக்கும். நடுக்கோடு நரம்போடு சேர்ந்துவிடும், இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தங்கச்சியைத் தேடச் சொல். கறிவேப்பிலைக்குப் பரிகாரம்.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. தக்காளி விலை வழக்கம்போல ஒரு நாள் சிரிக்கவைக்கிறது, ஒரு நாள் ரோட்டில் கொட்டவைக்கிறது. பெரிய ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஜேசிபிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா, இல்லையா என்பதை மட்டும் உடனே போன் செய்து சொல். பாட்டிலில் உன் வேலியின் விழுதிப் புழு ஒன்று நேற்று இடுப்புக் கயிறு கட்டியிருக்கிறது. தீபாவளி வரை தாங்காது. பார்க்க வேண்டுமென்றால் அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறு.

உன்,
முனி

பின்குறிப்பு: கடலை வரப்பில் உன் ஆள் ஆமணக்குக்கு மருந்தடிக்கத் தயாராக இருந்தான். நான் தடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வளைந்து வளைந்து நடக்கும் வழுவழுப்பான புழுதான் இலையை மொட்டையடிப்பது, அது அந்துப்பூச்சியின் பிள்ளை. இங்கே இருந்தது உடம்பெல்லாம் கிளைமுள் வைத்த பட்டாம்பூச்சிப் புழு, அதுவும் செடிக்கு ஒன்றிரண்டுதான். அதற்கு மருந்து வாங்க வைத்திருந்த பணம் என்னிடம் இருக்கிறது, வரும்போது வாங்கிக்கொள்.