முதலில் நிலத்தை முடி, பிறகு கையெழுத்துப் போடு

ஜுங்குட் பத்து,
நூசா லெம்போங்கான் தீவு,
பாலி, இந்தோனேசியா.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆஸ்திரேலியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடப்போகிறாய் என்று போனில் சொன்னாய். எனக்குச் சந்தோஷம்தான். பெர்த்தில் இத்தனை வருஷம் உழைத்திருக்கிறாய், அங்கேயே வீடும் பார்க்கிறாய். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பேச்சோடு பேச்சாக, "அப்பாவோட நிலத்தைப் பெரியப்பா மகன் பேர்ல எழுதிடலாம், நிஜத்துல அது என்னோடதுன்னு தனியா ஒரு பேப்பர் வாங்கி வச்சுக்கறேன்" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் பேசினால் சண்டையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சிறு வயதிலேயே படிக்கப் போய்விட்டாய், இந்த நிலச் சட்டத்தோடு உனக்குப் பழக்கமில்லை. நான் வெளிநாட்டுக்காரியாக இங்கே வாழ்க்கைப்பட்டவள், எனக்கு அது பாடமாகவே இருக்கிறது. 1960-ஆம் வருஷச் சட்டத்தில் 21-வது பிரிவு, ஹாக் மிலிக் என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான் என்கிறது. 2006-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டப்படி, வயது வந்தவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தக் குடியுரிமை போய்விடும். நிலம் அதற்குள் உன் பெயருக்கு வந்திருந்தால், அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அதை வேறு குடிமகனுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் உரிமை அழிந்து நிலம் அரசுக்குப் போய்விடும். நீ சொன்ன அந்தத் தனிப் பேப்பருக்கும் 26-வது பிரிவில் பதில் இருக்கிறது. சுற்றி வளைத்து ஒரு வெளிநாட்டவர் கைக்கு முழு உரிமை போகும்படி எதைச் செய்தாலும் அது செல்லாது, நிலம் அரசுக்கு, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நோட்டரி முன்னால் எழுதினாலும் இதுதான் கதி.

இந்தத் தீவில் அப்படி எழுதிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, அறைகள் கட்டி, பல வருஷம் நன்றாகவே நடத்தினார் ஒருவர். பெயர் கொடுத்தவர் இறந்ததும் பிள்ளைகள், "அப்பா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை" என்றார்கள். கட்டியவருக்குப் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. அவர் பணம் போனதை விட, அந்தப் பிள்ளைகள் ஊரில் தலை குனிந்து நடந்ததுதான் எனக்கு வலித்தது. பெரியப்பா மகன் உனக்கு அண்ணன், அவனை அந்த இடத்தில் நிறுத்தாதே. அவன் பெயரில் பட்டா, உன் பையில் பேப்பர் என்றால், நாளைக்குத் தன் மகளின் படிப்புக்கு அவன் ஒரு மூலையைக் குத்தகைக்கு விடக்கூட உன்னைக் கேட்க வேண்டும். நீங்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

இந்த நிலம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாத சில விஷயங்களையும் சொல்கிறேன். நான் வந்த காலத்தில் இதை யாரும் சீண்டவில்லை. உப்புக் காற்று, ஆறு கிடையாது, கிணறு தோண்டினால் கரிக்கும் தண்ணீர். குடிக்க மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்போம். கடலில்தான் எங்கள் வயல். 80-களில் இங்கே கடற்பாசி வளர்ப்பு பரவியது. உன் தாத்தா குச்சி நட்டு, கயிறு கட்டி, பாசி முடிந்தார். ஒன்றரை மாதத்தில் அறுவடை, பிறகு கரையில் விரித்துக் காயப்போடுவது. நம் ராமநாதபுரம் பக்கத்து மண்டபம் ஊர்ப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் இந்த வேலை எனக்குப் புதிதாகவே படவில்லை. உன் பாட்டிக்கு என்னைப் பிடித்துப்போனதும் அதனால்தான். அப்புறம் பயணிகள் பெருகினார்கள், பாசி விலை விழுந்தது, காயப்போட்ட இடமெல்லாம் விடுதியானது. 2020-இல் பயணிகள் நின்றபோது, கரை நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள் காயப்போட இடம் தேடி அலைந்தார்கள். நம்மிடம் இடம் இருந்தது. அந்த வருஷம் நாங்கள் யாரிடமும் கடன் வாங்காமல் சாப்பிட்டது அந்த மணலால்.

இப்போது தரகர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். ஆரே கணக்கில் விலை சொல்கிறார்கள். உன் மாமா ராமநாதபுரத்திலிருந்து கேட்டான், ஓர் ஆரே ஏறத்தாழ இரண்டரை செண்ட் என்று சொன்னேன், விலையைக் கேட்டு வாயடைத்துப் போனான். அலை ஏறும் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. எந்தத் தரகரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

விலையை விட அப்பாவுக்குப் பெரிய கவலை, நிலத்தோடு வரும் கடமை. சங்கா என்கிற நம் குடும்பக் கோயில் அந்த மனைக்குள் இருக்கிறது. மனையை வைத்திருப்பவர் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு உழைக்க வேண்டும், குல்குல் என்ற மர முரசு அடித்தால் பஞ்சாரில், அதாவது ஊர்ச் சபையில், போய் நிற்க வேண்டும், சாவு வீட்டுக்குத் தோள் கொடுக்க வேண்டும். 2016 அக்டோபரில் பக்கத்துச் செனிங்கான் தீவுக்குப் போகும் மஞ்சள் பாலம் அறுந்து எட்டுப் பேர் போனார்களே, அந்தத் துக்கத்தையெல்லாம் சுமந்தது பஞ்சார்தான். உன் பங்கு வேலையை இத்தனை வருஷமாக உன் அண்ணன் தான் செய்கிறான், ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை.

எனக்கு இங்கே ஒரு கையகல நிலமும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு, தங்கும் அட்டையை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு இருக்கிறேன். அப்பாவுக்குப் பின் இது என் பெயருக்கு வந்தாலும் உனக்குச் சொன்ன அதே ஒரு வருஷக் கெடுதான். அதற்காக நான் யார் மேலும் சந்தேகப்பட்டதில்லை, இந்த ஊரும் என்னை அந்நியளாக நடத்தியதில்லை. பட்டா இல்லாமல் ஓர் ஊரில் வேரோடு வாழ முடியும், மகனே.

ஆகையால் நான் கேட்பது இதுதான். குடியுரிமைச் சத்தியப் பிரமாணத்துக்குத் தேதி வருவதற்கு முன்னால் ஒருமுறை ஊருக்கு வா. அப்பா, நீ, அண்ணன் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். குடியுரிமை எடுப்பதுதான் முடிவு என்றால், நிலத்தை அவனுக்கே உண்மையாகக் கொடுத்துவிடுங்கள், நிலப்பத்திர அதிகாரி முன்னால், மறைப்பு ஏதும் இல்லாமல். உனக்குச் சேர வேண்டியதை அவன் பணமாகவோ, பின்னால் ஒரு மூலையை முறையான குத்தகையாகவோ தரட்டும். வெளிநாட்டவருக்குக் குத்தகை சட்டப்படி செல்லும். பிறந்த மண்ணில் குத்தகைக்காரனாக இருப்பது உனக்குக் கசக்கலாம். எழுதும்போது எனக்கும் கசக்கிறது. ஆனால் அது நேரான வழி. இல்லை, நிலம்தான் வேண்டும் என்றால், குடியுரிமையைத் தள்ளிப்போட்டு நிரந்தர விசாவிலேயே இரு. அப்பா உன்னை எதற்கும் கட்டாயப்படுத்தமாட்டார் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

வரும்போது நாள் பார்த்து டிக்கெட் போடு. பாலியின் மௌன நாளான ந்யெப்பி அன்று விமான நிலையமே ஒரு முழு நாள் மூடியிருக்கும். பாலி நாட்காட்டியின் நான்காம் மாதப் பௌர்ணமியில் ந்யெப்பி செகாரா என்ற கடலின் மௌன நாள், அன்று இந்தக் கடலில் ஒரு படகும் ஓடாது. ஜூலை, ஆகஸ்டில் அலை அதிகம். உனக்குக் குமட்டும், இஞ்சி வைத்துக்கொள். சானூரில் 2022-இல் துறைமுகம் கட்டிய பிறகு பழையபடி இடுப்பளவு தண்ணீரில் ஏற வேண்டாம், அரை மணியில் இங்கே வந்துவிடலாம். மாலை விமானத்தில் வந்தால் கடைசிப் படகு போயிருக்கும், அன்று இரவு சானூரிலேயே தங்கிவிட்டுக் காலையில் ஏறு. தேதி முடிவானதும் அண்ணனுக்கு முதலில் சொல், அப்புறம் எனக்கு.

அன்புடன்,
அம்மா